இணையம் போனாலும் வாசல்கதவு திறக்க: திருகோணமலைத் தொடர்மாடிகளுக்கான கேள்வி பதில்

வாசல்கதவு மின்பூட்டு வேலைக்காக உவர்மலை, உப்புவெளி, உட்துறைமுக வீதிப் பக்கம் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. இங்கே தொடர்மாடி என்றால் மூன்று, நான்கு மாடிதான். கொழும்பில் உள்ளதுபோல இரவு பகலாக ஆள் இருக்கும் வரவேற்பு மேசை கிடையாது. அதனால் கதவு முரண்டு பிடித்தால் வெளியே நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இணையம் போனால் வாசல்கதவு திறக்காமல் போகுமா?

போகலாம், போகாமலும் இருக்கலாம். திறப்பதா வேண்டாமா என்ற முடிவை யார் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கதவு திறக்கும் காட்டை (அட்டையை) வைத்ததும், கட்டடத்துக்குள்ளேயே சுவரில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் நினைவகத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துக் கதவைத் திறந்தால் இணையம் இருந்தென்ன, போயென்ன. அந்தப் பெட்டி எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் சேர்வரிடம் (கொம்பனியின் கணினியிடம்) அனுமதி கேட்டுவிட்டுத்தான் திறக்கும் என்றால், கேபிள் அறுந்த நிமிடமே உங்கள் கதவுக்கு வாய் அடைத்துவிடும்.

இலக்கத்தட்டும் காட்டும் உள்ள பழைய வகைகள் பெரும்பாலும் முதலாவது இனம். போனில் செயலியைத் திறந்து பட்டனை அழுத்தும் வகைகள்தான் கவலைக்குரியவை. இரண்டும் கலந்ததும் உண்டு: காட்டுகளை உள்ளே சேமித்துவைத்திருக்கும், ஆனால் விருந்தினர் இலக்கத்தை மட்டும் சேர்வரிடம் கேட்கும். விற்பவர் "ஒஃப்லைனிலும் வேலை செய்யும்" என்று சொன்னால் எது வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எங்கள் இணையம் நல்ல இணையம். அப்படியும் பிரச்சினை வருமா?

உங்கள் இணையம் இருந்தும் மறுபக்கம் விழலாம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் முழுதாக நின்றுபோயின. அன்று அந்த நிறுவனத்தின் ஊழியர்களே தங்கள் காட்டைக் காட்டிக் கட்டடத்துக்குள் போகமுடியாமல் நின்றதாகச் செய்திகள் வந்தன. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமேசானின் கிளவுட் சேவை அமெரிக்காவில் ஓரிடத்தில் பழுதுபட்டபோது வாசல்மணிக் கமராக்களும் சேர்ந்து படுத்தன. உப்புவெளியில் இருக்கும் உங்கள் கதவு எந்த நாட்டுச் சேர்வரை நம்பி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே கதவு அதை நம்பாமல் இருப்பதே வழி.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கையில் வட்ஸ்அப் உட்பட சமூக வலைத்தளங்கள் அரசாங்க உத்தரவால் பல மணித்தியாலம் முடக்கப்பட்டன. இணையம் இருந்தது, வட்ஸ்அப் இல்லை. வாசலில் நிற்பவர் வட்ஸ்அப்பில் கூப்பிட்டால்தான் கதவு திறக்கும் என்று ஏற்பாடு வைத்திருக்கும் கட்டடங்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

எங்கள் கதவு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொம்பனிக்காரரிடம் கேட்பதைவிட நீங்களே பார்ப்பது நல்லது. ஞாயிறு காலை போல எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ரவுட்டருக்குள் வரும் இணைய வயரை மட்டும் கழற்றுங்கள். கரண்டை நிறுத்தவேண்டாம். பத்து நிமிடம் பொறுங்கள், ஏனென்றால் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் பழைய இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் காட்டை வையுங்கள், இலக்கத்தை அழுத்துங்கள், செயலியில் திறந்து பாருங்கள், வாசலில் மணி அடித்து மேல்மாடி வீட்டில் கேட்கிறதா என்று பாருங்கள், உள்ளிருந்து வெளியே போகும் பட்டனையும் அழுத்துங்கள். செயலியைச் சோதிக்கும்போது போன் வைஃபையில் ஒருமுறை, மொபைல் டேட்டாவில் ஒருமுறை.

இணையத்தை மறுபடி கொடுத்தபின் இரண்டாம் சோதனை: இம்முறை கரண்டை மட்டும் நிறுத்துங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் நின்றது என்று தெரியாமல் போகும். "இணையம் போனதால் கதவு திறக்கவில்லை" என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் அனேகமாக இணையம் குற்றவாளி அல்ல. செத்த பற்றரி, அல்லது கரண்ட் போய்வந்தபின் ஒழுங்காக எழும்பாத ரவுட்டர்.

ரவுட்டர் எழும்பாவிட்டால் கதவுக்கு என்ன?

வாசலில் உள்ள கமரா மணியும் வீடுகளில் உள்ள திரைகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு இணையம் தேவையில்லை, கட்டடத்துக்குள் ஓடும் வயர் போதும். ஆனால் பல இடங்களில் அந்த வயர்கள் எல்லாவற்றையும் இணையக் கொம்பனி கொடுத்த ரவுட்டரின் பின்பக்கமே செருகி வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் படுத்தால் மணியும் படுக்கும். தனி நெட்வேர்க் சுவிட்ச் (வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஒன்று வாங்கி, கதவு சம்பந்தப்பட்ட வயர்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு, அதற்குப் பற்றரி கொடுங்கள். ரவுட்டர் அந்தச் சுவிட்சில் இன்னொரு வயராக மட்டும் இருக்கட்டும்.

அதோடு வாசல் பெட்டிக்கும் ஒவ்வொரு திரைக்கும் மாறாத ஐ.பி. முகவரி (கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் இலக்கம்) கொடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழும்பும்போது முகவரிகள் மாறி, மூன்றாம் மாடி மணி யாருக்கும் அடிக்காமல் போகும். ஐந்து நிமிட வேலை, ஆனால் கேட்காவிட்டால் செய்துதரமாட்டார்கள்.

கரண்ட் போனால் கதவு பூட்டியபடி இருக்குமா, தானாகத் திறக்குமா?

பூட்டின் வகையைப் பொறுத்தது. கதவின் மேல்பக்கம் நீளமான உலோகக் கட்டை ஒட்டியிருந்தால் அது காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரைதான் பிடிக்கும். சாதாரணமாக 280 கிலோ இழுவையைத் தாங்கும் பூட்டு, பற்றரி தீர்ந்ததும் சின்னப்பிள்ளை தள்ளினாலும் திறக்கும். கதவு நிலையில் பொருத்தியிருக்கும் மின் கொண்டிகளில் பெரும்பாலானவை மறுபுறம்: மின்சாரம் வந்தால்தான் விடும், இல்லாவிட்டால் பூட்டியே கிடக்கும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும், வெளியிலிருந்து திறப்பு (சாவி) வேண்டும்.

எது நல்லது என்றால், என் விருப்பம் இரண்டாவது. முன்வாசலுக்கு மின் கொண்டி, உள்ளே கைப்பிடி, வெளியே திறப்புத் துவாரம். கரண்ட் எத்தனை நாள் போனாலும் உள்ளே இருப்பவர் வெளியேறலாம், திறப்பு உள்ளவர் உள்ளே வரலாம், தெருவில் போகிறவர் வரமுடியாது. காந்தப் பூட்டை விற்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் பொருத்துவது இலகு, கதவை வெட்டவேண்டியதில்லை. கண்ணாடிக் கதவென்றால் காந்தப் பூட்டைத் தவிர்ப்பது கஷ்டம்தான்.

தீப்பிடித்தால்?

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. காந்தப் பூட்டு உள்ள கதவில், வெளியேறும் பட்டன் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக அறுக்கவேண்டும். பட்டனை அழுத்தியதும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி போய், அது யோசித்து, பிறகு திறப்பது போதாது. பெட்டி உறைந்துபோன நேரத்தில் நெருப்பும் வரலாம். பக்கத்தில் பச்சை நிற அவசரப் பெட்டி ஒன்றும் இருக்கவேண்டும், அதுவும் வயரை நேராகத் துண்டிக்கும் வகை. தீ எச்சரிக்கை மணி உள்ள கட்டடமென்றால் அது அடிக்கும்போதே பூட்டு விடுபடும்படி இணைக்கவேண்டும்.

கள்ளர் பயத்தில் வெளியேறும் பக்கத்துக்கும் காட் வாசிப்பான் போட்டிருக்கும் கட்டடம் ஒன்று பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்?

கணக்குப் பார்ப்போம். காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை அம்பியர் இழுக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியும் காட் வாசிப்பானும் சேர்ந்து 0.3 என்று வையுங்கள். மொத்தம் 0.8. இந்தப் பெட்டிகளுக்குள் வழக்கமாக இருப்பது 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. 7ஐ 0.8ஆல் வகுத்தால் எட்டே முக்கால் மணித்தியாலம். அது கடதாசிக் கணக்கு. புதுப் பற்றரியிலேயே ஆறு ஏழு மணித்தியாலம் வந்தால் சந்தோஷப்படுங்கள். அதே பற்றரி மின் கொண்டிக் கதவில் இருந்தால், சும்மா இருக்கும்போது கொண்டி ஒன்றும் இழுக்காது என்பதால், பதினெட்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும்.

எவ்வளவு தேவை என்பதற்கு நம் அனுபவமே போதும். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் திரும்ப மாலைவரை ஆன இடங்கள் உண்டு. புயலென்றால் மணிக்கணக்கில் பேசமுடியாது, நாட்கணக்கு. காந்தப் பூட்டுக்காரர்கள் குறைந்தது 18 அம்பியர்-மணிப் பற்றரிக்குப் போங்கள், ஆனால் மின்வழங்கிப் பெட்டி அவ்வளவு பெரிய பற்றரியைச் சார்ஜ் செய்யுமா என்று பார்த்துவிட்டு.

திருகோணமலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்படுவது. அதற்குமேல் ஒவ்வொரு 8 தொடக்கம் 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆனி, ஆடியில் இங்கே 35 பாகை சாதாரணம், வெயில்படும் சுவரில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் இன்னும் கூட. பெட்டியில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தால் இரண்டு வருடம் என்று வாசியுங்கள். பற்றரி மாற்றும்போது திகதியை மார்க்கரால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.

கரண்ட் போனால் இணையமும் சேர்ந்து போகிறதே, ஏன்?

ஃபைபர் இணைப்பென்றால் பெரும்பாலும் போகவேண்டியதில்லை. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து உங்கள் கட்டடம்வரை வரும் கண்ணாடி இழைக்கு வழியில் மின்சாரம் தேவைப்படாது. நிலையத்தில் பற்றரியும் ஜெனரேட்டரும் இருக்கும். நிற்பது உங்கள் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும்தான். அவற்றுக்குக் கணினிக்கடைகளில் கிடைக்கும் சின்ன 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வைத்தால் சில மணித்தியாலம் ஓடும். கணினி யூ.பி.எஸ். வேண்டாம், 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குவதில் பாதிப் பற்றரி வீணாகும்.

கம்பத்தில் போகும் இழையை மரம் விழுந்து அறுத்தால் அது வேறு கதை.

மாற்று இணைப்புக்கு எந்த சிம் போடலாம்?

சிம் போடும் வசதியுள்ள ரவுட்டர் வாங்கி, ஃபைபர் விழுந்தால் தானாக 4ஜிக்கு மாறும்படி வைப்பது நல்ல ஏற்பாடு. ஒரு கவனம்: வீட்டு இணைப்பு எஸ்.எல்.ரி. என்றால் மாற்றுக்கு மொபிடெல் சிம் போடாதீர்கள். இரண்டும் ஒரே குழுமம், இப்போது பெயரும் ஒன்று. முதுகெலும்பான பிரதான இணைப்பில் பழுது வந்தால் இரண்டும் சேர்ந்து விழலாம். டயலொக்கோ ஹட்ச்சோ போடுங்கள். எயார்டெல் 2024இல் டயலொக்குடன் சேர்ந்துவிட்டது என்பதால் அந்த இரண்டையும் வேறுவேறு என்று எண்ணவேண்டாம். எது வாங்கினாலும் அந்தக் கட்டடத்தின் அடிமாடியில், ரவுட்டர் இருக்கப்போகும் மூலையில் நின்று சிக்னல் பாருங்கள். மொட்டைமாடியில் நாலு கோடு காட்டுவதால் பயனில்லை.

ஆனால் டவருக்கும் கரண்ட் வேண்டும். அதன் பற்றரி சில மணித்தியாலத்துக்குத்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல மாவட்டங்களில் கரண்டும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. சிம் என்பது சாதாரண நாட்களின் பழுதுக்கு. மாரிக்கு அதை மட்டும் நம்பமுடியாது.

வீட்டுக்காரர் கனடாவில். வருகிறவர்களுக்கு அங்கிருந்தே செயலியில் கதவு திறந்துவிடுகிறார். இணையம் நின்றால்?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இது நிறைய. சித்திரை தொடக்கம் புரட்டாதிவரை சுற்றுலாக் காலம், கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் விடியப்புறம் வந்துசேரும், விருந்தினர் பயணப்பையோடு வாசலில் நிற்பார்கள், வீட்டுக்காரர் ஐயா ரொறன்ரோவில் போனை அழுத்திக்கொண்டிருப்பார், கதவு அசையாது.

செய்யக்கூடியது: விருந்தினருக்கு இலக்கத்தட்டில் அழுத்தும் இலக்கம் கொடுங்கள், அந்த இலக்கம் பெட்டிக்குள்ளேயே பதியப்பட்டதாக இருக்கட்டும். நேரத்தை வைத்துப் பெட்டியே கணிக்கும் தற்காலிக இலக்கங்களும் உண்டு. அவற்றுக்கு இணையம் தேவையில்லை, மணிக்கூடு சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதோடு, பொறிமுறை இலக்கப் பூட்டுள்ள சின்னத் திறப்புப்பெட்டி ஒன்றில் திறப்பை வைத்துச் சுவரில் அடியுங்கள். மலிவான வகை நம் கடற்காற்றில் இறுகிவிடும், மாதம் ஒருமுறை சிலிக்கன் ஸ்ப்ரே அடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஊரில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவோ, வழக்கமாக வரும் ஓட்டோக்கார அண்ணனோ, நம்பிக்கையான ஒருவர்.

மணிக்கூடு பிழைத்தால் கதவுக்கு என்ன வந்தது?

நிறைய. இணையம் இருக்கும்போது பெட்டி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இல்லாதபோது உள்ளே உள்ள காசு வடிவப் பற்றரி நேரத்தைக் காக்கும். அது செத்திருந்தால், கரண்ட் போய்வந்ததும் பெட்டி 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். இன்ன திகதியிலிருந்து செல்லும் என்று பதிந்த காட்டுகள் எல்லாம் இன்னும் பிறக்காத காட்டுகளாகிவிடும். காலை ஆறுக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டும் கேற் நடுச்சாமத்தில் திறக்கும். இந்தப் பற்றரி ஒரு சில நூறு ரூபாய்தான். பெரிய பற்றரி மாற்றும்போது இதையும் மாற்றச் சொல்லுங்கள்.

விரல் ரேகை வைத்தால் நல்லதா?

ரேகை பெட்டிக்குள் சேமிக்கப்படும் வகையென்றால் இணையமின்றி ஓடும். மீன், வலை, சீமெந்து என்று வேலை செய்பவர்களின் விரலை அது சிலவேளை ஏற்காது, மழையில் நனைந்த விரலையும். அதோடு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரல் ரேகை போன்ற உயிரளவைத் தரவைச் சிறப்பு வகையாகவே பார்க்கிறது. ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்கு இந்தத் தலையிடி எதற்கு? காட்டே போதும்.

கடற்காற்றுக்கு என்ன செய்வது?

வாசல் பெட்டியின் வயர்மூட்டுகளில் பச்சை பிடிப்பதுதான் முதல் அறிகுறி. ஜெல் நிரப்பிய மூட்டுகள் போடச் சொல்லுங்கள். திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. காந்தப் பூட்டின் முகத்தைத் துணியால் துடைத்து வைத்திருங்கள், துரு ஏறினால் பிடி குறையும். கேற்றிலிருந்து கட்டடத்துக்கு நிலத்தடியில் நீள வயர் போனால் இரு முனையிலும் மின்னல் தடுப்பு வையுங்கள். ஐப்பசி இடிமுழக்கத்தில் பெட்டிகள் எரிவது அந்த வயர் வழியாகத்தான்.

பழைய திறப்பு இன்னும் தேவையா?

தேவை. இந்தப் பக்கம் முழுக்க ஒரு வரியில் சொல்லென்றால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்வாசல் திறப்பு ஒன்று, அடிமாடியில் குடியிருப்பவரிடம் ஒன்று, கட்டடத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒன்று. நடுச்சாமத்தில் 1990 அம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றால், மூன்றாம் மாடியில் இருப்பவர் நெஞ்சுவலியோடு இறங்கிவந்து கதவு திறக்கமுடியாது. அடிமாடிக்காரர் எழும்பித் திறக்கவேண்டும். அவருடைய கதவில் தட்டலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

திறப்பை வருடத்தில் சில முறையாவது போட்டுத் திருப்பிப் பாருங்கள். பாவிக்காத துவாரம் உப்பில் இறுகி, தேவைப்படும் அன்று திறப்பு உள்ளேயே முறியும்.

கரண்ட் இல்லாத நேரம் கதவைத் திறந்தே வைத்தால் என்ன?

செங்கல் வைத்துக் கதவை நிறுத்துவது நம் ஊரின் தேசிய முறை, தெரியும். பகலில், ஆள் பார்வையில் என்றால் சரி. இரவில் வேண்டாம். வெளியே நின்று கூப்பிட மணி இல்லாததால்தான் செங்கல் வருகிறது. ஆகவே பற்றரியில் ஓடும் சாதாரண மணி ஒன்றைக் கேற்றில் மாட்டி, மாடிவாரியாகப் பொறுப்பாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை உள்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டுக்கு வரும் உறவினருக்கு இலக்கம் ஏற்கனவே தெரிந்திருக்கும். தெருவில் போகிறவர் பார்க்கத் தேவையில்லை.

இந்தச் செலவெல்லாம் யாருடையது?

முன்வாசலும் அதன் பூட்டும் பொதுப் பகுதி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்கீழ் பதிந்த கட்டடமென்றால், பொதுப் பகுதியைப் பராமரிப்பது எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. பதியாத, ஒரே உரிமையாளரின் கட்டடமென்றால் அவரிடம் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் தன் காசில் பற்றரி மாற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை, ஆனால் வாசலில் நிற்பதைவிட மலிவு.

இணையம் திரும்பி வந்தபின் ஏதாவது பார்க்கவேண்டுமா?

ஆம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் பெட்டியின் நேரத்தையும் திகதியையும் பாருங்கள். அடுத்தது நீக்கிய காட்டுகள். இணையம் இல்லாத நாட்களில் யாராவது வீடு காலிசெய்து போயிருந்தால், செயலியில் நீங்கள் அவருடைய காட்டை நீக்கியிருந்தாலும் அந்தச் செய்தி கதவுக்குப் போய்ச்சேர்ந்திருக்காது. பழைய பட்டியலை வைத்து அந்தக் காட்டுக்கும் கதவு திறந்துகொண்டே இருக்கும். கட்டடத்துக்குள்ளேயே முடிவெடுக்கும் பூட்டுக்குக் கொடுக்கும் விலை இது. இணைப்பு வந்ததும் பட்டியலைக் கையால் ஒருமுறை ஒத்திசைத்து, நீக்கிய காட் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் அதையே கதவில் வைத்துப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் சரி. பச்சை எரிந்தால் பெட்டியில் நேரடியாக அழிக்கவேண்டும், அதற்கான நிர்வாகி இலக்கம் பொருத்தியவரிடம் மட்டும் இல்லாமல் உங்கள் குழுவில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.